ஒன்பது அடிக்காக ஏறிய அண்ணனுக்கு

என் பாசமுள்ள சவரி அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியும் பூவுமாக உன்னிடம் வந்தது. மதினி வந்தாள். உன்னோடு சேர்ந்து சுவர் கட்டிய கருப்பையா அண்ணன்கூட, நம் வேதக்காரராக இல்லாவிட்டாலும், ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்தாராம். நான் மட்டும் வரவில்லை. காய்ச்சலா என்று பங்குச் சாமியார் ஆள் விட்டுக் கேட்டார். காய்ச்சல் இல்லை, கோபம் என்று சொல்லி அனுப்பினேன். யார் மேல் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரிசையே சொல்லியிருப்பேன். அதில் முதல் ஆள் நீ.

நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ரங்கூனில் இருந்தபோது என் கடிதத்தை யாரையாவது பிடித்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் இதையும் நாலு பேர் காதில் விழும்படியே எழுதுகிறேன். விழவேண்டியவர்கள் காதிலும் விழட்டும்.

செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். திட்டாமல் என்ன செய்ய? ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தப்பித்து, காட்டிலும் மலையிலும் நடந்து, வழியில் விழுந்து எழுந்து, எலும்பும் தோலுமாக இலுப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் நீ. மதினிக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை. அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஆள், நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து செத்தாய் என்றால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அழுகை வரவில்லை, அண்ணே. பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. பொறுத்துக் கேள்.

நான் பாடம் நடத்துவது கீற்றுக் கொட்டகையில். மழை பெய்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும். அதனால் ஊர்க் கமிட்டிக்காரர்கள் ஓடு வேய்ந்த ஒரு நீளமான கட்டடம் கட்ட முடிவுசெய்தார்கள். சண்டைக் காலம், சிமெண்டு கண்ணில்கூடப் படவில்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். நீயும் கருப்பையா அண்ணனும் கொத்தனார்கள். கட்டிய சுவரைச் சதுர அடிக் கணக்கில் அளந்து கூலிக்கு எழுத, டவுனிலிருந்து ஓர் ஓவர்சியர் சைக்கிளில் வருவார்.

நாலு சுவரும் பன்னிரண்டு அடி எழும்பியாயிற்று. கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் அதற்கு மேல் கூரை உட்கார முக்கோணமாகச் சுவரை ஏற்ற வேண்டும். நீ அதை எப்படி ஏற்றினாய் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரைக்காக அறுத்து வைத்திருந்த பனங்கைகளில் பதினைந்து அடி நீளத்தில் இரண்டை எடுத்தாய். சுவரின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றின் அடியை ஊன்றி, நுனி இரண்டையும் மேலே ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாய். அந்த இரண்டு பனங்கைக்கும் நடுவில் செங்கல்லை அடுக்கிக்கொண்டே போனாய். சரிவு தப்பவே தப்பாது. அந்தச் சுவரின் அகலம் இருபத்து நாலு அடி.

ஆக, அடி இருபத்து நாலு. சரிவு இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கமும் பதினைந்து. மூன்று அளவும் தரையிலேயே தெரிந்தவை. இதற்கு மேல் ஓர் அளவு வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவன் கையில் பிரம்பால் ஒன்று போடலாம்.

கிழக்குச் சுவர் முடிந்த அன்று நீ கஞ்சி குடித்துக்கொண்டே மதினியிடம் கணக்குச் சொன்னாய். அடியில் பாதி பன்னிரண்டு, சரிவு பதினைந்து, பெருக்கினால் நூற்றெண்பது சதுர அடி என்றாய். நான் சும்மா இருந்திருக்க மாட்டேனா? இருக்கவில்லை.

“தப்புண்ணே. சரிவப் பெருக்கக் கூடாது. நட்டுக்குத்தலா நிக்கிற உசரத்தப் பெருக்கணும்.”

“இந்தா ஆரோக்கியம், காலங்காலமா கொத்தன் எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க. ரங்கூன்லயும் இப்பிடித்தான்.”

நான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவினேன். தரையில் நீளமாக ஒன்றை வைத்து, அதில் பாதியாக ஒடித்த இரண்டு குச்சிகளை அதன் மேல் சாய்த்து நிறுத்தச் சொன்னேன். நீயும் நிறுத்திப் பார்த்தாய். இரண்டும் தட்டையாகப் படுத்துக்கொண்டன.

“இப்ப அடி இருவத்து நாலு, சரிவு பன்னெண்டுன்னு வச்சுக்க. சுவரு எங்கண்ணே இருக்கு?”

“சுவரே இல்லையே. படுத்துருச்சே.”

“ஒங் கணக்குப்படி பாதி பன்னெண்டு, சரிவு பன்னெண்டு, நூத்து நாப்பத்து நாலு சதுர அடி. இல்லாத சுவத்துக்குக் கூலி கேப்பியா?”

கஞ்சி மூக்கில் ஏறும்படி சிரித்தாய். மதினி உன் தலையில் தட்டினாள். அப்புறம் நீயே குனிந்து உட்கார்ந்து, சரியான வழி என்ன என்று கேட்டாய். இரண்டு சரிவும் ஒரே நீளம் என்பதால் முகட்டிலிருந்து நேராக இறங்கும் கோடு அடியைச் சரிபாதியாக வெட்டும். பாதி பன்னிரண்டு. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்று இருபத்தைந்து. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு. கழித்தால் எண்பத்தொன்று. எதை அதனாலேயே பெருக்கினால் எண்பத்தொன்று வரும்?

“ஒம்போது” என்றாய்.

ஒன்பது அடி உயரம். பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கினால் நூற்றெட்டு சதுர அடி. நூற்றெண்பது இல்லை, நூற்றெட்டு. உன் கூலி குறைகிறது என்று மதினிக்கு முகம் வாடிவிட்டது. உனக்கு வாடவில்லை. “ஏறாமலே உசரம் சொல்லுதே கழுத” என்று அந்த ஈர்க்குச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஏறாமலே என்று சொன்னவன் நீதானே அண்ணே? உன் வாயால் சொன்னாயே?

நான் திருச்சியில் டிரெயினிங் படித்தது நீ ரங்கூனில் செங்கல் அடுக்கிய காசில். அங்கே நீ சாரத்தில் நின்று வெயிலில் வெந்ததால்தான் இங்கே எனக்கு இந்தக் கணக்கு தெரிந்தது. அதை உனக்கே சொல்லிக் கொடுத்தேன் என்று அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் நீ உடைத்துவிட்டுப் போனாய்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். மற்ற கொத்தனார்கள் எல்லாம் சரிவைப் பெருக்கி அவரிடம் கூடுதலாகக் கேட்டுக் கேட்டு, கொத்தன் என்றாலே திருடன் என்பது அவர் முடிவு. அதற்காகவே எங்கே போனாலும் முகட்டிலிருந்து முக்கோணத்தின் அடி வரைக்கும் தூக்குக்குண்டுக் கயிறு விடச் சொல்லி உயரம் பிடிப்பார். நியாயமாகக் குறைத்துச் சொன்ன ஒரே கொத்தன் நீ. உன்னைத்தான் அவர் நம்பவில்லை.

“நூத்தி எட்டா? ஒசரம் யாரு அளந்தா?”

“அளக்கலைங்க. கணக்குப் போட்டதுங்க. எந் தங்கச்சி போட்டுச்சு. இங்க டீச்சரா இருக்கு.”

“பொம்பள போட்ட கணக்க மெஷர்மெண்டுல எழுத முடியுமாய்யா? கயிறு விடு. கயிறு சொன்னா எழுதுறேன்.”

இதைக் கருப்பையா அண்ணன் பிறகு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். சாந்து இன்னும் பச்சையாக இருக்கிறது, ரெண்டு நாளாக மழை, மேல் வரிசை பிடிக்கவில்லை, வெயில் அடிக்கட்டும் என்று அவர் தடுத்திருக்கிறார். நீ கேட்டாயா? இல்லை. ஓவர்சியர் உன்னைத் திருடன் என்று சொன்னபோது நீ ஏறவில்லை. அவர் என்னைச் சொன்னார். அதற்குத்தான் ஏணியை எடுத்தாய். “எந் தங்கச்சி சொன்னதத்தான் கயிறும் சொல்லப் போகுது, பாருங்க” என்றாயாம்.

யார் கேட்டது உன்னை? நான் கேட்டேனா? என் கணக்குக்குச் சாட்சி வேண்டும் என்று உன்னிடம் வந்து அழுதேனா? ஓர் ஓவர்சியர் நம்பாவிட்டால் எண்பத்தொன்று எண்பதாகிவிடுமா? எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து, ஒரு மடையன் சொல்லுக்காக முகட்டில் ஏறி உட்கார்ந்தாயே. இதைப் பாசம் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு இப்படி ஒரு பாசம் வேண்டவே வேண்டாம்.

நான் கொட்டகையில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீ ஏறியது எனக்குத் தெரியாது. திடீரென்று மேலேயிருந்து உன் குரல், ஊருக்கே கேட்கும்படி.

“ஒம்போது! ஓவர்சியரய்யா, ஒம்போதடி! எந் தங்கச்சி சொன்ன ஒம்போது!”

நான் சிரித்தேன், அண்ணே. பிள்ளைகளுக்கு முன்னால், கரும்பலகைப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயிலேயே நிற்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அத்தோடு இறங்கியிருக்கலாம். கயிறு சொல்லிவிட்டது. ஆனால் கீழே நின்றவர் தலையைத் தூக்கிப் பார்த்து, “கயிறு ஆடுதுய்யா. இன்னொரு தரம் விடு” என்றாராம். நீ மறுபடியும் குனிந்தாய். முகட்டுச் செங்கல் உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தது. உச்சியிலிருந்து தரைக்கு இருபத்தோரு அடி. அந்தக் கூட்டலும் எனக்குத் தெரியும், யாரும் ஏறி அளக்க வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததைக் கேள். உன்னைப் புதைத்த மண்ணின் ஈரம் காயவில்லை, கள்ளுக் குடித்துவிட்டு ஏறினான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரங்கூனிலிருந்து வந்ததிலிருந்து நீ எதையும் தொட்டதில்லை என்று மதினி கமிட்டிக்காரர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கத்திவிட்டு வந்தாள். கமிட்டிக்காரர் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. “கால்தவறி விழுந்தான்” என்று எழுதி முடித்துவிட்டார்கள். கால் எங்கே தவறியது? தவறியது யார் வாய்? சாமியார் பிரசங்கத்தில், ஆண்டவர் தம் வீட்டைக் கட்ட ஒரு நல்ல கொத்தனை அழைத்துக்கொண்டார் என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அங்கேயும் யாராவது கயிறு விடச் சொல்லுவார்களா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மழை விட்டது. இடிந்த முகட்டைக் கருப்பையா அண்ணன் சரிசெய்தார். மேற்குச் சுவரையும் அதே இரண்டு பனங்கைகளை வைத்து ஏற்றி முடித்தார். போன வாரம் ஓவர்சியர் மறுபடியும் வந்தார். அதே சைக்கிள், அதே தொப்பி. மேற்குச் சுவருக்குக் கயிறு விடு என்றார். கிழக்குச் சுவருக்கும் விடு என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை உனக்குச் சொல்லவே கை கூசுகிறது. கிழக்குச் சுவரின் அளவு பூர்த்தியாகவில்லையாம். இரண்டாம் தரம் விட்ட கயிற்றின் அளவு வந்து சேரவில்லையாம்.

வந்து சேரவில்லை!

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கருப்பையா அண்ணன் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கும் வீட்டில் நாலு வாய் இருக்கிறது, மாட்டேன் என்று சொல்ல முடியாது.

“கால எடுங்கண்ணே” என்றேன்.

“வேணாம் தங்கச்சி, விடு. சட்டுனு ஏறி எறங்கிர்றேன்.”

“அவரும் அப்பிடித்தான் ஏறுனாரு. கால எடுங்க.”

ஓவர்சியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “ஏம்மா டீச்சரம்மா, நீங்க போயி புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுங்க. இது ரெக்கார்டு வேல.”

எனக்குக் கணக்குச் சொல்லிப் புரியவைக்கும் பொறுமை இல்லை. என் கணக்கை அவர் நம்பவும் வேண்டாம். ஏணியை இழுத்துக் கீழே சாய்த்தேன். அது விழுந்த சத்தத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடி வந்துவிட்டன. நீ சாய்த்துக் கட்டிய, மேற்குச் சுவர் முடிந்ததும் கீழே இறக்கிப் போட்டிருந்த அந்த இரண்டு பனங்கைகளையும் கருப்பையா அண்ணனை விட்டு மைதானத்துக்குத் தூக்கி வரச் சொன்னேன். மண்ணில் இரண்டு முளை அடித்து இருபத்து நாலு அடிக்குக் கயிறு கட்டச் சொன்னேன். அந்தக் கயிற்றின் ஒரு முனையில் ஒரு பனங்கையின் அடி, மறுமுனையில் மற்றதன் அடி. நுனி இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொள்ளும் வரை தரையில் நகர்த்தினோம்.

அங்கே உன் சுவர் படுத்திருந்தது, அண்ணே. முகட்டிலிருந்து மூலை வரைக்கும், அப்படியே, புழுதியில்.

“இந்தாங்க ஓவர்சியர் சார். ஒங்க டேப், ஒங்க கையி. முகட்டுலருந்து கயிறு வரைக்கும் நேரா அளந்துக்கங்க. இங்கருந்து விழுந்தா யாருக்கும் அடிபடாது.”

அவர் கருப்பையா அண்ணனைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு புழுதியில் முழங்கால் போட்டார். டேப்பைப் பிடித்தார். ஒருமுறை பார்த்தார்.

“இன்னொரு தரம் பாருங்க” என்றேன். “டேப்பு ஆடுது.”

மறுபடியும் பார்த்தார். ஒன்பது. இரண்டு சுவருக்கும் நூற்றெட்டு, நூற்றெட்டு என்று எழுதினார். எழுதி முடித்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சிரித்துக்கொண்டு சொன்னார்: “நல்ல யோசனையா இருக்கே டீச்சரம்மா. அன்னிக்கே இப்பிடிப் பண்ணியிருக்கலாமே?”

என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறாயா? வாயைத் திறந்திருந்தால் பிள்ளைகள் கேட்கக் கூடாத வார்த்தைதான் வந்திருக்கும். கருப்பையா அண்ணன்தான் பேசினார். “அன்னிக்கு அவன் சொன்னத நம்பியிருந்தா இன்னிக்கு இந்த யோசனையே வேண்டியிருக்காதுங்க” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பனங்கையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓவர்சியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவரை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை, எனக்குத் தெரியும். அடுத்த ஊரில் அடுத்த சுவருக்குப் போவார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கயிறு, இரண்டு பனங்கை, கொஞ்சம் மண். உன் உயிரின் விலை அவ்வளவுதானா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் கேட்க முடிகிறது. நீயோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய்.

இந்த வாரம் கூரை ஏற்றுகிறார்கள். அந்த இரண்டு பனங்கையும் கிழக்கு முகட்டை ஒட்டி ஏறிவிடும். மதினி அதைப் பார்க்க வர மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தவில்லை. திறப்பு விழாவில் உன் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் எழுந்து நிற்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். கள்ளுக் குடித்தான் என்று சொன்ன வாயால் உன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று முதலில் எழுந்து நின்று சொல்லட்டும். முகம் கோணியிருக்கிறது அவர்களுக்கு. கோணட்டும்.

நாளைக்கு உன்னிடம் வருகிறேன். மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் ஒரு பாட்டம் நன்றாகத் திட்டுவேன், அப்புறம்தான் கொளுத்துவேன். கேட்டுக்கொண்டு படுத்திரு.

ஒரு வாக்கும் தருகிறேன். புதுக் கட்டடத்தில் என் வகுப்பு கிழக்குக் கோடியில், அந்தச் சுவருக்கு நேர் கீழே. அங்கே உட்காரும் ஒவ்வொரு வகுப்புக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித் தருவேன். இது இந்த வயசுப் பிள்ளைகளுக்கு இல்லை, மேல் வகுப்புக் கணக்கு என்று இன்ஸ்பெக்டர் வந்து தடுத்தாலும் தருவேன். விடை எழுதிய பிள்ளை எழுந்து, சரியா டீச்சர் என்று கேட்கும். அப்போது அண்ணாந்து உன் சுவரைக் காட்டுவேன். சரிதான், யாரும் ஏறிப் பார்க்க வேண்டாம், உட்கார் என்பேன்.

உன்னையும் அப்படி உட்காரச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் போதும், அண்ணே. நீ ஏறாமல் இருந்திருந்தாலும் அது ஒன்பது அடிதான்.

உன் மேல் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்,
ஆரோக்கியம்